கால் முன்னால், தலை முன்னால்

அப்போது நான் தருமபுரியில் ஒரு புளி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஊர் காரிமங்கலத்துக்குப் பக்கம். படிப்பு ஐந்தாவது. எங்கள் நிலம் மழையை நம்பிய நிலம். அதைப் பார்க்க இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள். மூன்றாவது ஆளுக்கு அங்கே வேலை இல்லை.

மண்டிக்கு முன்னால் ஓடும் சாலை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறது. நோயாளிகள் அந்த வழியாகத்தான் போவார்கள். கயிற்றுக் கட்டிலில் நாலு பேர் தூக்கி வருவார்கள். மாட்டு வண்டியில் வைக்கோல் போட்டு வருவார்கள். பஸ்ஸில் கடைசி சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுவந்து, பஸ் ஸ்டாண்டில் இருந்து தோளில் போட்டுக்கொண்டு போவார்கள். ஆளைக் கொண்டுவருவது வீட்டுக்காரர்கள் வேலை, வைத்தியம் பார்ப்பது ஆஸ்பத்திரி வேலை. அப்படித்தான் நினைத்திருந்தோம்.

தருமபுரி தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் கழித்து ஆஸ்பத்திரிக்கு ஒரு வேன் வந்தது. வெள்ளை வண்டி. ஜன்னலில் பாதிக்கு மேல் வெள்ளை பெயின்ட். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அது போகும்போதெல்லாம் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே நின்று பார்ப்பேன். மேஸ்திரி திட்டுவார்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன். வண்டி வேப்ப மரத்தடியில் நின்றது. டிரைவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

“என்னா பாக்கற?”

“உள்ள என்ன இருக்குதுன்னுங்க.”

“ஆளு சாவாம இருக்கறதுக்கு மந்திரம் வெச்சிருக்குது. பார்த்துக்க.”

பின் கதவைத் திறந்து விட்டார். இரண்டு கட்டையில் கித்தான் துணி கோத்த ஸ்ட்ரெச்சர் ஒன்று. ஒரு தகரப் பெட்டி. மேலே ஒரு கொக்கி. ஒரு வாளி. வேறு ஒன்றும் இல்லை.

“இவ்வளவுதானுங்களா?”

“இவ்வளவுதான். தூக்கறதுக்குத்தான் ஆளு இல்ல. வார்டுல துடைக்கறவன இழுத்துட்டுப் போறன். ரெண்டு பேர எடுக்கப் போறாங்களாம். நீ மண்டியில மூட்டை தூக்கறவன்தானே?”

“ஆமாங்க.”

“மூட்டை கத்தாது. இது கத்தும். அவ்வளவுதான் வித்தியாசம்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் விழுந்து கிடப்பவன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்து சேர்வதற்குள் அவனுக்கு என்ன ஆகிறது, அதற்குள் ஒரு ஆள் என்ன செய்ய முடியும். அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது.

என்ன வேண்டும் என்று ஆஸ்பத்திரி ஆபீஸில் கேட்டேன். கிளார்க் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். ஐந்தாம் வகுப்பு பாஸ். தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். சைக்கிள் ஓட்டத் தெரிய வேண்டும். வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்த அட்டை. உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்து. முதலுதவி வகுப்பில் படித்துப் பரீட்சை பாஸான சர்டிபிகேட். கடைசியாக, இருபத்தைந்து வயது தாண்டியிருக்கக் கூடாது.

“உனக்கு என்ன வயசு?”

“தெரியலீங்க.”

“பொறந்த நாளாவது தெரியுமா?”

“அதும் தெரியலீங்க.”

“போய்ப் பள்ளிக்கூடத்துல சர்டிபிகேட் வாங்கிட்டு வா. அதுல என்ன இருக்குதோ அதுதான் உன் வயசு.”

பஸ் ஏறி ஊருக்குப் போனேன். தலைமை ஆசிரியர் புதியவர். பழைய ரிஜிஸ்டரைத் தேடி எடுத்தார். என் பெயருக்கு நேரே விரலை வைத்து, “உனக்கு ஜூன்ல பொறந்த நாளு” என்றார்.

“எனக்குங்களா?”

“உனக்கு மட்டும் இல்ல. உன் கிளாஸ் பூராவுமே ஜூன்தான். அப்ப இருந்த வாத்தியாரு சேத்துக்கற அன்னைக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டுட்டாரு.”

அந்தக் கணக்கில் எனக்கு இருபத்தைந்து முடிய மூன்று மாதம் இருந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா முறத்தில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

“புளி உலுக்கற மாசம். காலையில மரத்தடியில பொறுக்கிட்டு இருந்தன். மத்தியானம் நீ பொறந்த.”

அப்போதும் புளி உலுக்குகிற மாதம்தான். அம்மா கணக்கில் எனக்கு வயது தாண்டிவிட்டது. வாத்தியார் கணக்கில் தாண்டவில்லை. ஆபீஸுக்கு வாத்தியார் கணக்குத்தான் வேண்டும். நான் அம்மாவிடம் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

டாக்டர் நெஞ்சை அளந்தார். சுவரில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார். மேலே பெரியதாய் இருந்ததைப் படித்தேன். கடைசி வரியில் எழுத்து தெரிந்தது, கூட்டிப் படிக்கத்தான் நேரம் ஆனது. அவர் காத்திருந்தார். பிறகு ஒரு மணல் மூட்டையைக் காட்டி, தூக்கிக்கொண்டு பத்து எட்டு நடக்கச் சொன்னார். நடந்தேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார்.

“எங்கீங்க இறக்கட்டும்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இன்னும் வெச்சிருக்கியா? இறக்குப்பா.”

மிச்சம் இருந்தது முதலுதவி வகுப்பு. ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. சாயங்காலம் நாலு மணியில் இருந்து ஆறு மணி வரை, ஒரு மாதம். முடிவில் சேலத்தில் இருந்து ஒரு டாக்டர் வந்து பரீட்சை வைப்பார். அடுத்த வகுப்பு எப்போது என்று கேட்டேன். ஆள் சேர்ந்தால் அடுத்த வருடம் என்றார்கள். அடுத்த வருடம் எனக்கு வயது போய்விடும். ஆக, இந்த ஒரு பரீட்சைதான்.

மண்டியில் மேஸ்திரியிடம் மூன்றரைக்குப் போக வேண்டும் என்று சொன்னேன்.

“என்னாடா, டாக்டருக்குப் படிக்கிறயா?”

“இல்லீங்க. தூக்கறதுக்கு.”

“தூக்கறதுக்குப் படிப்பா?” என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் விட்டார்.

வகுப்பில் பதினாலு பேர். பாதிப் பேர் பஸ் கண்டக்டர் லைசென்ஸுக்கு வந்தவர்கள். அதற்கும் இந்த சர்டிபிகேட் வேண்டும். ஒருவர் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார். ஒருவர் தகரப் பட்டறை வைத்திருந்த பாய். வாளியும் விளக்கும் படியும் செய்பவர். அவருக்கு எந்த வேலையும் வேண்டாம். தகரம் வாரத்துக்கு ஒருமுறை யாருடைய கையையாவது கிழிக்கிறது, என்ன செய்வது என்று தெரிந்துகொள்ள வந்தேன் என்றார். எனக்கு அவரோடுதான் ஒட்டியது. அவர் என்னை மண்டிக்காரரே என்று கூப்பிட்டார்.

சொல்லிக்கொடுத்தவர் ஒரு நர்ஸ். தெற்கே இருந்து மாற்றலாகி வந்தவர். எங்களில் பாதிப் பேரைவிட வயதில் சின்னவர். சிஸ்டர் என்று கூப்பிடுவோம். கையில் இங்கிலீஷ் புத்தகம் வைத்துக்கொண்டு தமிழில் சொல்வார். எழுதிக்கொள்ளச் சொல்வார். நான் ஒரு வரி எழுதுவதற்குள் அவர் நாலு வரி போய்விடுவார். அதனால் எழுதுவதை விட்டுவிட்டேன். பார்த்து வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கச் சொன்னார். கட்டை விரலை வைக்கக் கூடாது, அதிலேயே ஒரு துடிப்பு இருக்கிறது, உன் துடிப்பையே எண்ணிக்கொண்டிருப்பாய் என்றார். அன்று ராத்திரி படுத்துக்கொண்டு பார்த்தேன். இருந்தது. இருபத்தைந்து வருடமாக என் கையில் இருந்தது, எனக்குத் தெரியாது.

ரத்தம் பீச்சினால் எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினார். அக்குளுக்குக் கீழே, தொடை மடிப்பில். முக்கோணத் துணியில் கையைத் தூக்கிக் கட்டக் கற்றுக்கொடுத்தார். எலும்பு முறிந்தால் நகர்த்துவதற்கு முன்னால் சிம்பு வைத்துக் கட்ட வேண்டும், கட்டையோ மூங்கிலோ எது கிடைத்தாலும் சரி என்றார். அடிபட்டுக் கிடப்பவனுக்குக் குடிக்க ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றார். அதைத்தான் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

“சோடா கூடவாங்க சிஸ்டர்?” என்றான் கண்டக்டர் வேலைக்கு வந்த ஒருவன்.

“சோடாவும்தான்.”

“சோடா குடுக்காம எப்படிங்க? மயங்கி விழுந்தா மொதல்ல ஓடறதே சோடாக் கடைக்குத்தானே.”

“குடிச்சது வெளியே வரும். மல்லாந்து படுத்திருக்கிறவன் வாந்தி எடுத்தா எங்க போகும்? மூச்சுக் குழாய்க்குப் போகும்.”

“அப்ப சோடாக்காரன் பொழப்பு?” என்றான் அவன். சிஸ்டர் சிரிக்கவில்லை.

இரண்டாவது வாரம் ஸ்ட்ரெச்சர் பாடம். இது எனக்குத் தெரிந்த வேலை என்று நினைத்தேன். பாயைப் படுக்கவைத்தார்கள். நான் பின்னால், டிரில் வாத்தியார் முன்னால். சிஸ்டர் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பாயின் நெஞ்சில் வைத்தார். சிந்தாமல் முற்றத்தைச் சுற்றி வர வேண்டும்.

நாலாவது எட்டில் தண்ணீர் பாயின் தாடிக்குள் போய்விட்டது.

“தொழுகைக்கு ஒளு செஞ்ச மாதிரி ஆச்சு” என்றார் பாய், படுத்துக்கொண்டே.

காரணம் நான்தான். மண்டியில் இரண்டு பேர் கம்பு கொடுத்து ஒரு மூட்டையைத் தூக்கினால் இரண்டு பேருக்கும் ஒரே கால்தான் போகும். வலது என்றால் வலது. அப்போதுதான் பாரம் தெரியாது. ஸ்ட்ரெச்சரில் அப்படி நடந்தால் படுக்கை ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. முன்னால் இருப்பவன் இடது கால் வைத்தால் பின்னால் இருப்பவன் வலது கால் வைக்க வேண்டும். ஏழு வருடம் பழகிய காலை மாற்றுவதுதான் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. மண்டியிலும் அப்படி நடந்து பார்த்தேன். கூட இருந்தவன் “என்னாண்ணா, குடிச்சிருக்கயா?” என்றான்.

அதற்குப் பிறகுதான் சிஸ்டர் அதைச் சொன்னார். “எப்பவும் நோயாளியோட கால் முன்னால போகணும். தலை பின்னால.”

டிரில் வாத்தியார் தொண்டையைக் கனைத்தார்.

“சிஸ்டர், எங்க பக்கம் பொணத்தத்தான் அப்படி எடுப்பாங்க.”

“எப்படி?”

“கால் முன்னால. வூட்ட விட்டு எடுக்கறப்போ கால்தான் முன்னால போகும். உசுரோட இருக்கறவன அப்படி எடுத்தா வெட்டிப் போடுவாங்க.”

பாய் ஸ்ட்ரெச்சரில் எழுந்து உட்கார்ந்தார். “எங்கள்ல மய்யத்துக்குத் தலைதான் முன்னாலங்க.”

“அப்ப ரெண்டு பேரும் ஒரே வண்டியில வந்தா?” என்றான் சோடாக்காரன். அவனுக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது.

“உங்களை எல்லாம் பக்கவாட்டுலதான் தூக்கணும்” என்றார் சிஸ்டர். அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தோம். பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க பின்னால நின்னு தூக்கினீங்களே. உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?”

“அவரு மூஞ்சிங்க.”

“அதுக்குத்தான். முன்னால போறவன் வழியைப் பார்க்கணும். பின்னால வர்றவன் மூஞ்சியைப் பார்க்கணும். உதடு நீலமாகுதா, கண்ணு சொருகுதா, மூச்சு வருதா. தலை முன்னால போனா மூஞ்சி ஆறடி தள்ளிப் போயிடும். ஒண்ணும் தெரியாது.”

எனக்கு அது சரியாகப் பட்டது. வழக்கமும் சரியாகத்தான் பட்டது. இரண்டும் ஒன்றையொன்று ஒத்துப்போகவில்லை. அன்று பாயோடு நடந்து வரும்போது அதையே பேசினோம்.

“உங்கள்ல ஏன் தலை முன்னாலங்க?”

“தெரியாது மண்டிக்காரரே. உங்கள்ல ஏன் கால் முன்னால?”

“அதும் தெரியாதுங்க.”

“சிஸ்டருக்கு மட்டும்தான் ஏன்னு தெரியுது” என்றார்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நான் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது டிரைவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். வார்டு ஆள் லீவு. ஒரு ஊரில் புளி உலுக்கப் போனவன் மரத்தில் இருந்து விழுந்து கிடக்கிறான் என்று சைக்கிளில் ஒருவர் வந்து சொல்லியிருந்தார். சிஸ்டர் தகரப் பெட்டியை என் கையில் கொடுத்தார். பாயும் அப்போதுதான் வந்தார்.

“ரெண்டு பேரும் போங்க. கட்டுப் போட்டுத் தூக்கிட்டு வந்தாப் போதும். வேற எதுவும் செய்யாதீங்க.”

காரிமங்கலம் சாலையில் போய் மண் பாதையில் திரும்பினோம். ஊருக்குள் வண்டி போகவில்லை. கல் சுவருக்கு நடுவில் சந்து. கால் மைல் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

ஆளை மரத்தடியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். வலது தொடை வீங்கி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. தலைமாட்டில் இரண்டு சோடாப் பாட்டில். இரண்டும் காலி. பாய் என்னைப் பார்த்தார்.

நாடி பார்த்தேன். வேகமாக இருந்தது, ஆனால் இருந்தது. சிம்புக்கு என்ன வைப்பது என்று தேடினேன். சுவரில் தொரட்டிக் கோல் சாத்தியிருந்தது. அவன் புளி உலுக்கிய கோல்தான். அக்குளில் இருந்து குதிகால் வரைக்கும் அளந்து வெட்டச் சொன்னேன். உள்ளே வேட்டித் துணியைச் சுற்றி, நல்ல காலோடு சேர்த்து ஏழு இடத்தில் கட்டினோம். அவன் கத்தினான். டிரைவர் சொன்னது சரி. ஆனால் கட்டி முடித்ததும் கத்தல் குறைந்தது. கட்டினால் வலி குறையும் என்று சிஸ்டர் சொன்னபோது நான் பாதிதான் நம்பியிருந்தேன்.

தூக்கினோம். பாய் முன்னால், நான் தலைமாட்டில். வாசலில் அவன் மனைவி வந்து நின்றாள். நிலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

“கால முன்னால வெச்சா எடுக்கறீங்க?”

“அம்மா, வழி வுடுங்க” என்றார் பாய்.

“என் வூட்டுக்காரரு உசுரோட இருக்காரு. பொணமா எடுக்கறீங்களா? இறக்குங்க கீழ.”

வெளியே கூட்டம். ஒரு கிழவர், “பாய்க்கு நம்ம வழக்கம் தெரியாது, கூட இருக்கறவனுக்குத் தெரியாதா?” என்றார். அது எனக்கு. கூட வந்திருந்த டிரைவர் பின்னால் இருந்து, “ஏம்மா, அவன் செத்தா நீங்க எப்படி வேணா எடுங்க, இப்ப நாங்க சொல்றபடி எடுக்க வுடுங்க” என்றார். அதற்கப்புறம் யாரும் நகரவே இல்லை.

கையில் பாரம் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். “திருப்புங்க சாமி” என்றான் மெதுவாக. அவனுக்கும் பயம்தான்.

இறக்கினோம். திருப்பினோம். இப்போது அவன் தலை வாசல் பக்கம். நான் முன்னால் வந்துவிட்டேன், அவன் தலை என் முதுகுக்குப் பின்னால். பாய் கால்மாட்டில். டிரைவர் வண்டியைத் திறந்து வைக்க முன்னால் போய்விட்டார். முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் இல்லை. சிஸ்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

“நீங்க தலைகிட்ட நடந்து வாங்க. வழியப் பார்க்க வேணாம். அவரு மூஞ்சிய மட்டும் பாருங்க. கண்ணு சொருகுனா, உதடு கறுத்தா, வாயில எதுனா வந்தா உடனே சொல்லுங்க.”

“நானா?”

“நீங்கதான்.”

அவள் ஒரு கையை ஸ்ட்ரெச்சர் கட்டையில் வைத்துக்கொண்டு நடந்தாள். சந்தில் இரண்டு இடத்தில் சுவரில் இடித்துக்கொண்டாள். முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானும் பாயும் கால் மாற்றி நடந்தோம். பாதி வழியில், “ஒமட்டறாரு” என்றாள். சத்தமாகக் கூடச் சொல்லவில்லை. இறக்கி, கட்டோடு சேர்த்து உடம்பை ஒருக்களித்தோம். சோடா அத்தனையும் வெளியே வந்தது. பாய் துணியால் வாயைத் துடைத்தார். அவன் இருமினான், மூச்சு விட்டான், தண்ணி கேட்டான்.

“குடுக்கக் கூடாது” என்றாள் அவள். எங்களுக்கு முன்னால்.

வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். அவனை உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

டிரைவர் நடந்ததைச் சிஸ்டரிடம் சொல்லிவிட்டார். மறுநாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தலை முன்னால தூக்கச் சொன்னது யாரு?”

“நான்தாங்க.”

“பரீட்சையில அப்படிச் செஞ்சா மார்க் போயிடும். உங்களுக்கு வயசு வேற முடியப் போகுது. தெரியும்ல?”

“தெரியுங்க.”

“புத்தகத்துல இருக்கறதை மட்டும் சொல்லுங்க. கேட்டதுக்கு மட்டும் பதில்.”

சரி என்றேன். எனக்குப் பேசாமல் இருப்பது கஷ்டம் இல்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் ஆண்கள் வார்டுக்குப் போனேன். அவன் காலைத் தூக்கிக் கட்டி, கயிற்றில் கல் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் கல் எதற்கு என்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் கீழே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“நீங்க சொன்னீங்கன்னு பார்த்துட்டே வந்தங்க” என்றாள். “கலியாணம் ஆகிப் பதினாறு வருசம். அவரு மூஞ்சிய அவ்வளவு நேரம் பார்த்ததே இல்ல. நெத்தியில ஒரு தழும்பு இருக்குது. அன்னைக்குத்தான் பார்த்தன்.”

“மாடு முட்டுனது” என்றான் அவன் படுத்துக்கொண்டே. “பத்து வயசுல.”

“சொன்னயா நீ?”

“நீ கேட்டயா?”

நான் திரும்பி வந்துவிட்டேன்.

சேலத்து டாக்டர் காலையில் வந்தார். நரைத்த மீசை. அதிகம் பேசவில்லை. கட்டுப் போடுவது, ரத்தம் நிறுத்துவது எல்லாம் பார்த்தார். என் முறை வந்தபோது பாயும் நானும் சோடாக்காரனைத் தூக்கினோம். கால் முன்னால். நான் தலைமாட்டில். டம்ளர் நெஞ்சில். முற்றத்தைச் சுற்றி வந்தோம். சிந்தவில்லை. சோடாக்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

பிறகு வாய்க் கேள்வி. எனக்கு முன்னால் போன மூன்று பேரிடமும் ஏன் கால் முன்னால் என்று கேட்டார். புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கிறது என்றார்கள். என்னிடமும் கேட்டார்.

“பின்னால இருக்கறவன் மூஞ்சியப் பாக்கணுங்க.”

தலையை ஆட்டினார். “எப்பவும் கால் முன்னாலதானா?”

“மேடு ஏறும்போது தலை முன்னாலங்க. படி ஏறும்போதும். வண்டியில ஏத்தும்போதும் தலைதான் முன்னால.”

“சரி. அவ்வளவுதானே?”

அவ்வளவுதான். புத்தகத்தில் அதற்கு மேல் இல்லை. சிஸ்டர் சுவர் ஓரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அந்தத் தழும்பு நினைவுக்கு வந்தது.

“இன்னொண்ணு இருக்குதுங்க.”

“என்ன?”

“வூட்டு வாசல்ல இருந்து எடுக்கறப்போங்க. எங்க பக்கம் கால் முன்னால எடுத்தா வுட மாட்டாங்க. பாய் வூட்டுல தலை முன்னால எடுத்தா வுட மாட்டாங்க. நின்னு சண்டை போட்டா நேரம் போயிடும். அவங்க சொல்றபடி எடுத்துரணும்.”

“அப்ப மூஞ்சியை யாரு பாக்கறது?”

“வூட்டுக்காரங்க ஒருத்தர தலைகிட்ட நடக்க வெச்சு, என்ன பாக்கணும்னு சொல்லிடணுங்க. அவங்க நம்மளவிட நல்லாப் பாப்பாங்க.”

“இது எந்தப் புத்தகத்துல இருக்குது?”

“எதுலயும் இல்லீங்க.”

“பரீட்சை புத்தகத்துலதான்” என்றார். எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை. “போகலாம்.”

வெளியே வந்ததும் சிஸ்டர், “வாயை மூடிட்டு இருக்கச் சொன்னேன்” என்றார். கோபமாகத்தான் சொன்னார். பாய் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாளில் இருந்து முழு நேரமும் மண்டிக்குப் போனேன். மூட்டை தூக்கும்போது கால் மாறி மாறிப் போனது. பழைய நடை வரவில்லை, புதிய நடைக்கு வேலை இருக்குமா என்றும் தெரியவில்லை.

ரிசல்ட் வர மூன்று வாரம் ஆனது. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மேலே இருந்து படித்துக்கொண்டு வந்தேன். டிரில் வாத்தியார் முதல். பாய் நாலாவது. பதினாலு பேரில் பன்னிரண்டு பேர் பாஸ். என் பெயர் பன்னிரண்டாவது. தூக்கும் பாடத்துக்கு நேரே எனக்கு மட்டும் பாதி மார்க். டம்ளர் சிந்தாதவனுக்குப் பாதி மார்க்.

சிஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார். அவரும் அதைத்தான் பார்த்தார்.

“பாதி குடுத்திருக்காரு. புத்தகப்படி பார்த்தா அதுவும் குடுத்திருக்கக் கூடாது” என்றார். “நானா இருந்தா எவ்வளவு குடுத்திருப்பேன்னு தெரியலை.”

சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். கிளார்க் அதையும் பள்ளிக்கூடத்து சர்டிபிகேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்து மறுபடியும் எண்ணினார்.

“பதினோரு நாள் இருக்குது.”

“இருக்குதுங்க.”

“நிஜமாவே ஜூன்லதான் பொறந்தயா?”

“என் கிளாஸ் பூராவுமே ஜூன்தாங்க.”

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

வேலைக்குச் சேர்ந்த அன்று காக்கிச் சட்டை கொடுத்தார்கள். தோள் பக்கம் இறுக்கமாக இருந்தது. பத்து மணிக்கு அரூர் சாலையில் ஒரு ஊரில் இருந்து ஆள் வந்தது. ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி, வீட்டை விட்டு நடக்க முடியவில்லை என்றார்கள். கூட வேலைக்கு எடுத்த இன்னொருவனும் நானும் பின்னால் ஏறினோம். வெளியே இருந்து பார்த்த பெயின்ட் அடித்த ஜன்னலை உள்ளே இருந்து பார்த்தேன். சாலை தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் வந்தது.

டிரைவர் முன்னால் இருந்து கத்தினார். “ஏம்பா மண்டி, இன்னைக்கு எந்தப் பக்கம் முன்னால?”

“வூட்டப் பார்த்துட்டுச் சொல்றங்க” என்றேன்.